எட்டாம் நம்பர் கால்

மகாராஜாவின் வலது உள்ளங்காலில் இருந்த புண்ணை முதலில் பார்த்தவன் நான்தான். அவர் மனைவி பார்க்கவில்லை, நர்ஸ் வேலை பார்க்கும் மகள் பார்க்கவில்லை, அவரே பார்க்கவில்லை. என் பெயர் கபீர். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செருப்புக் கடை வைத்திருக்கிறேன். கடைப் படியில் யார் ஏறினாலும் என் கண் காலுக்குத்தான் முதலில் போகும். முகமெல்லாம் அப்புறம்தான்.

மகாராஜா விசைத்தறித் தொழிலாளி. ஷெட்டுக்குப் போகிற வழியில் என் கடைப் படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டுப் போவார். அன்றைக்கும் அப்படித்தான் காலை மடக்கிப்போட்டு உட்கார்ந்தார். பெருவிரலுக்குக் கீழே ஒரு குழி தெரிந்தது. ஓரமெல்லாம் கறுத்திருந்தது. குழிக்குள்ளே என்னமோ மின்னியது.

“வே மகாராஜா, அந்தக் காலக் கொஞ்சம் காட்டும்.”

“என்ன பாய், காலையிலேயே காலப் பிடிக்கீரு?”

“கண்ணாடிச் சில்லு ஏறியிருக்கு வே. எப்ப குத்திச்சு?”

“குத்திச்சா?” என்று கேட்டு, வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார். “வலியே இல்லையே.”

அந்த ‘வலியே இல்லையே’தான் எனக்குச் சரியாகப் படவில்லை. அவருக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரைக்காரர்கள் நிறையப் பேர் என் கடைக்கு வருகிறார்கள். வலி தெரியாமல் போன காலை வைத்திருந்தவர்களில் சிலர் பிறகு ஒற்றைச் செருப்பு மட்டும் கிடைக்குமா என்று கேட்டு வந்திருக்கிறார்கள்.

சாதாரண மனிதன் என்றால் புண்ணுக்கு மருந்து போட்டு, நல்ல செருப்பாக ஒன்று மாட்டிக்கொண்டு போய்விடலாம். மகாராஜாவால் முடியாது. அவர் முப்பது வருஷமாகச் செருப்புப் போடாதவர். அந்த வாரம்தான் சட்டமன்றத் தேர்தல் தேதியை அறிவித்திருந்தார்கள்.

அந்த முப்பது வருஷக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்போது கடையில் வாப்பா உட்கார்ந்திருப்பார், நான் பெட்டி எடுத்துக் கொடுப்பேன். மகாராஜாவுக்கும் எனக்கும் ஒரே வயசு, இருபது தாண்டியிருக்கும். ஓட்டு எண்ணிய நாள் சாயங்காலம். ஆறுமுகச்சாமி கொஞ்ச ஓட்டில் ஜெயித்துவிட்டார் என்று செய்தி வந்தது. எங்கள் தொகுதி தனித்தொகுதி, அதனால் எல்லாக் கட்சியும் தாழ்த்தப்பட்ட சமூகத்தில் ஒருவரைத்தான் நிறுத்த முடியும். ஆறுமுகச்சாமியும் அப்படி நின்றவர். ஆனால் அவர் மகாராஜாவின் எதிர்க்கட்சி. ஜீப்பில் மாலையோடு அவர் எங்கள் கடையைத் தாண்டிப் போனபோது, மகாராஜா படியில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டிருந்தார். ஒரு வாரத்துக்கு முன்புதான் என்னிடம் எட்டாம் நம்பரில் ஒரு தோல் செருப்பு வாங்கியிருந்தார். அதை இரண்டு காலிலிருந்தும் கழற்றி எங்கள் படியில் வைத்தார்.

“எங்க சின்னம் இந்தத் தொகுதியில ஜெயிக்கிற வரைக்கும் இந்தக் காலுல செருப்பு ஏறாது. கோமதியம்மன் மேல சத்தியம்!”

கூட்டம் கைதட்டி விசிலடித்தது. கைதட்டு மட்டும் கிடைக்காமல் இருந்திருந்தால் மறுநாளே வந்து அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு போயிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மறுநாள் வந்தது அவர் அல்ல, அவருடைய அப்பா இசக்கிப்பாண்டி. ஒடிசலான மனிதர், அவரும் தறிதான்.

“முதலாளி, எம்மவன் விட்டுட்டுப் போன செருப்பு எங்க?” என்று வாப்பாவிடம் கேட்டார்.

நான் எடுத்துக் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவாக்கிலேயே பேசினார். கரிவலம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்தான் அவருக்குச் சொந்த ஊர். அங்கே ஒரு தெருவில் அவர் ஆட்கள் நடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். இளவயதில் ஒருநாள் இவர் போட்டபடியே நடந்தார். கழற்றச் சொன்னார்கள். கழற்ற மாட்டேன் என்றார். பிடுங்கி, அவர் தலையிலேயே வைத்து, அந்தத் தெருவைச் சுற்றி வரச் செய்தார்கள். அந்த வாரமே பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு வந்துவிட்டார்.

“டவுன்ல எந்தத் தெருவுலயும் செருப்புப் போட்டு நடக்கலாம்னுதான் முதலாளி வந்தேன். வேற ஒரு காரணமும் இல்ல. இவன் கட்சிக்குன்னு கழட்டி வச்சிட்டு வந்து நிக்கான்.”

அவருடைய கால் ஏழு. மகனின் எட்டாம் நம்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, டப்பு டப்பென்று சத்தம் வர நடந்து போனார். அறுந்து தேய்கிற வரை அதையேதான் போட்டார். மகனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தத் தெருவின் கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை என்று மகாராஜா பிற்பாடு ஒருமுறை என்னிடம் சொன்னார். அப்பா இறந்த பிறகு அது அப்படியே அமுங்கிப்போயிற்று.

அதிலிருந்து எங்கள் தொகுதியின் தேர்தல் சரித்திரத்தை நான் அந்த இரண்டு பாதங்களில்தான் படித்தேன். அடுத்த தேர்தலிலும் அவர் கட்சி தோற்றது, குதிகாலில் வெடிப்பு விழுந்தது. அதற்கடுத்த தேர்தலில் கூட்டணி என்று சொல்லித் தொகுதியையே வேறு கட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். அவருடைய சின்னம் ஓட்டு மெஷினிலேயே இல்லை, ஐந்து வருஷம் சும்மா நடந்தார். பிறகு தொகுதி எல்லையை மாற்றி வரைந்தார்கள். சில ஊர்கள் போயின, சில ஊர்கள் வந்தன. குருவிகுளம் பக்கம் தங்களுக்குக் கூடுமா குறையுமா என்று டீக்கடையில் உட்கார்ந்து கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு இடைத்தேர்தல் வந்தது. மந்திரிகளும் மாவட்டச் செயலாளர்களும் வட்டச் செயலாளர்களும் வந்து இறங்கி, ஊரில் லாட்ஜில் இடமில்லை, என் கடையில் வெள்ளைச் செருப்பு தீர்ந்துபோயிற்று. மகாராஜா வெறுங்காலோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். அதிலும் தோல்வி. போன தடவை கடைசிச் சுற்று வரை முன்னால் இருந்துவிட்டுக் கடைசிச் சுற்றில் போயிற்று. டீக்கடை டிவிக்கு முன்னாலேயே மயங்கி விழுந்தார். பெரியாஸ்பத்திரியில் தண்ணீர் தெளித்து எழுப்பி, ரத்தம் எடுத்துப் பார்த்து, சர்க்கரை என்றார்கள்.

ஊர் அவரைக் கேலி செய்யும். “மகாராஜா, பல்லக்கு எங்க வே?” என்று கேட்பார்கள். ஆனால் மரியாதையும் உண்டு. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் என்று நாலு பேரிடம் பேர் இருந்தது. தறிக்காரருக்கு வேறு எந்த வழியில் அப்படி ஒரு பேர் கிடைக்கப் போகிறது? அவர் மகள் காவியா படித்த பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தால், உள்ளே போகாமல் கேட்டுக்கு வெளியே சுடுமண்ணில் நின்றுவிட்டு வருவார். அந்தப் பிள்ளைக்கு அது ஆறாத கோபம்.

கண்ணாடிச் சில்லைப் பார்த்த அன்றே காவியாவுக்கு ஃபோன் செய்தேன். திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். வந்து, அப்பாவை இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். டாக்டர் சில்லை எடுத்து, சுரண்டிச் சுத்தம் செய்து கட்டுப் போட்டுவிட்டு, மகாராஜாவைப் பார்த்துச் சொன்னார்.

“இனிமே வெறுங்கால்ல ஒரு அடி வைக்கக் கூடாது. மறுபடி மண்ணு பட்டுப் பழுத்தா விரலோட நிக்காது. கணுக்கால் வரைக்கும் எடுக்க வேண்டிவரும். அதுக்கு மேலயும் போகலாம்.”

“தேர்தல் முடியட்டும் டாக்டர்,” என்றார் மகாராஜா.

டாக்டருக்குப் புரியவில்லை. காவியா அவருக்கு விளக்கம் சொல்லும்போது வெட்கத்தில் அவள் காது சிவந்துபோயிற்று.

சர்க்கரைக்காரர்களுக்கென்றே எம்.சி.ஆர். செருப்பு என்று ஒன்று உண்டு. உள்ளே மெத்தென்ற ரப்பர், பின்னால் ஒட்டுகிற வார். மதுரையிலிருந்து எட்டாம் நம்பரில் ஒரு ஜோடி வரவழைத்து, கல்லாப் பெட்டிக்குக் கீழே வைத்தேன். தினமும் காலையில் எடுத்துக் காட்டுவேன். தினமும் தலையை ஆட்டி மறுத்துவிட்டுப் பேப்பரை விரிப்பார். கட்டுத் துணியோடு, கட்டுக்கு மேலே ஒரு பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு நடந்தார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருக்கும்.

வேட்பாளர் பெயரை அறிவித்தது ஒரு மத்தியானம். படியில் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்த் திரும்பத் திரும்பப் பார்த்தார். நான் எட்டிப் பார்த்தேன். ஆறுமுகச்சாமி. அதே ஆறுமுகச்சாமி. சில மாதங்களுக்கு முன்பு கட்சி மாறி மகாராஜாவின் கட்சிக்கு வந்தவர், இப்போது மகாராஜாவின் சின்னத்தில் நிற்கப் போகிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“சின்னம் எங்க சின்னம்தான பாய்,” என்றார்.

“எவன் ஜெயிச்சான்னு செருப்பக் கழட்டினீரோ, அவன ஜெயிக்க வைக்கக் காலக் குடுக்கப் போறீரா?”

“நான் ஆளப் பாத்துக் கழட்டல. சின்னத்துக்குக் கழட்டினேன்.”

“சின்னமா உமக்குக் கட்டுப் போடுது? பொண்ணு அழுதா வே.”

அவர் ஃபோனைச் சட்டைப் பையில் போட்டார். “இப்பப் போட்டுக்கிட்டா, இத்தன வருசம் நடந்தேனே, அது என்னது பாய்? வெறும் நடைதானா?”

எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

பிரச்சாரம் சூடு பிடித்தது. வெயிலும் பிடித்தது. நகரச் செயலாளர் பேச்சிராஜ் வெள்ளை காரில் வந்து இறங்கி, கடைப் படியில் இருந்த மகாராஜாவைக் கட்டிப் பிடித்து, பாலிதீன் பையை அவிழ்க்கச் சொல்லிப் பாதத்தை ஃபோட்டோ எடுக்கப் போனார். உள்ளே கட்டைப் பார்த்ததும் வலதை விட்டுவிட்டு இடது காலை எடுத்தார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க எல்லோர் ஃபோனிலும் அந்தக் கால் வந்துவிட்டது. ‘முப்பதாண்டு சபதம், இந்த முறை நிறைவேறும்’ என்று எழுதியிருந்தார்கள்.

“கடைசி நாள் ஊர்வலத்துல நீங்கதான் அண்ணாச்சி முன்னால நடக்கணும்,” என்றார் பேச்சிராஜ். “பஸ் ஸ்டாண்டுல இருந்து ரத வீதி வழியா கோயில் வாசல் வரைக்கும். ஆறுமுகச்சாமி அண்ணன் ஜீப்புல பின்னால வருவாரு. ஜெயிச்சதும் அண்ணன் தன் கையாலயே உங்க காலுல செருப்பு மாட்டிவிடுவாரு. அத மைக்குல அறிவிக்கப் போறாரு.”

“அவருக்குக் காலுல புண்ணு, நடக்கக் கூடாது,” என்றேன் நான்.

“கொஞ்ச தூரம்தான பாய்,” என்று சொல்லிவிட்டு அவர் கார் ஏறிவிட்டார். மகாராஜா முகத்தில் நான் முப்பது வருஷமாகப் பார்க்காத ஒரு வெளிச்சம். அதைப் பார்க்கப் பிடிக்காமல் உள்ளே போய்ப் பெட்டிகளை அடுக்கினேன்.

இதற்கு நடுவில் புண் ஆறாமல் பெருத்துக்கொண்டே போனது. காரணம் அவர் நடந்தது மட்டுமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காவியா வீட்டில் கட்டைப் பிரித்தபோது நானும் இருந்தேன். உள்ளே மருந்தைக் காணோம். செம்மண் குழைத்து அப்பியிருந்தது. எங்கள் கோயிலில் தருகிற புற்றுமண். சொறி, சிரங்கு, கட்டி எதுவானாலும் சுற்றுவட்டாரமே அதைத்தான் பூசும். தினமும் காலையில் கட்டைப் பிரித்து, மருந்தைத் துடைத்துவிட்டு மண்ணை வைத்துத் திரும்பக் கட்டியிருக்கிறார் மகாராஜாவின் மனைவி பிரேமலதா.

“ஏம்மா, புண்ணுக்குள்ள மண்ண வச்சு அடைச்சிருக்கியே! உனக்கு அறிவு இருக்கா?” என்றாள் காவியா.

“ஏட்டி, இது அம்மன் மண்ணு. ஒலகமே பூசுது. சத்தியம் அம்மன் மேலதான பண்ணாவ? அம்மன்தான காப்பாத்தணும்?”

பிரேமலதாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புருஷன் செருப்புப் போட மாட்டான், டாக்டர் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்கிறார், இரண்டுக்கும் நடுவில் அந்தப் பொம்பளை வேறு எங்கே போவாள்? காவியா மண்ணைக் கழுவிக் கழுவி எடுத்தாள். புண் எலும்பு வரை போயிருந்தது. பாதம் வீங்கி, கெண்டைக்கால் வரை சிவப்பு ஏறியிருந்தது. காவியா வாசல் பக்கம் என்னைக் கூப்பிட்டாள்.

“கபீர் மாமா, இது மேல ஏறுது. உடனே அட்மிட் பண்ணணும். நீங்க சொன்னா கேப்பாவ.”

நான் சொன்னேன். கெஞ்சினேன், திட்டினேன். ஊர்வலம் முடிந்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்று மகள் தலையில் கைவைத்துச் சொன்னார். இன்னொரு சத்தியம்! எனக்குச் சத்தியம் என்ற வார்த்தையே வெறுத்துவிட்டது.

ஊர்வலத்தன்று முதல் பஸ்ஸில் காவியா வந்தாள். அவரைக் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தபோது காய்ச்சலில் அவருடைய உதடு காய்ந்து கிடந்தது. ரோட்டில் தார் இளகி, வண்டிச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கொடி. காவியா என் கல்லாவுக்குக் கீழே கைவிட்டு, எம்.சி.ஆர். பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து அப்பா முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

“நான் தடுக்கல. நீங்க நடங்க. ஆனா இத மாட்டிக்கிட்டு நடங்க.”

“செருப்பு போட மாட்டேன்னு...”

“இது செருப்பு இல்லப்பா. டாக்டர் எழுதிக் குடுத்தது. கட்டுத்துணி மாதிரி இதுவும் மருந்து. மருந்து சாப்பிட மாட்டேன்னு அம்மன்ட்ட சத்தியம் பண்ணீங்களா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் செருப்புக் கடைக்காரன், அது செருப்பா மருந்தா என்று நான் சொல்ல வேண்டுமாம்.

“மருந்துதான் வே,” என்றேன். அல்லாஹ் என்னை மன்னிப்பான்.

கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டினார். வலது கால் வீக்கத்தில் வார் எட்டவில்லை, காவியா கட்டுத் துணியைச் சேர்த்து இழுத்துக் கட்டினாள். எழுந்து நின்றவர் இரண்டு அடி வைத்துவிட்டுத் தடுமாறினார். முப்பது வருஷம் பழக்கமில்லாத கால்.

“மெத்துன்னு இருக்கு பாய்,” என்றார், கூச்சத்தோடு.

கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு நானும் காவியாவும் அவர் பின்னாலேயே போனோம். எனக்குக் கட்சி கிடையாது, கூட்டமும் பிடிக்காது. ஆனாலும் அவரைத் தனியாக விட மனம் வரவில்லை.

கொட்டு முழங்கியது. திறந்த ஜீப்பில் ஆறுமுகச்சாமி, தலை நரைத்து, கும்பிட்டபடி நின்றார். கையில் மைக். ஜீப்புக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டுக் கயிறு கட்டி, மகாராஜாவை நடுவில் நிறுத்தினார்கள். கேமராவோடு இரண்டு பையன்கள் பின்பக்கமாக நடந்தபடி படம் எடுத்தார்கள். ரத வீதியில் திரும்பும் இடத்தில்தான் பேச்சிராஜின் கண் கீழே போனது.

“அண்ணாச்சி, இது என்ன காலுல?”

“மருந்துச் செருப்பு தம்பி. டாக்டரு...”

“என்ன அண்ணாச்சி நீங்க! இன்னிக்குப் போயி! ரோடு பூரா ஆளு நிக்கான், வீடியோ போயிட்டிருக்கு. கோயில் வாசல் வரைக்கும் கழட்டிருங்க, அப்புறம் மாட்டிக்கிடுங்க.”

“கட்டுல மண்ணு படக் கூடாதாம்.”

“அஞ்சு நிமிசம் அண்ணாச்சி. கட்சி மானமே போயிரும்.”

கொட்டு ஓய்ந்தது. ஊர்வலம் நின்றுவிட்டது. மாடியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மகாராஜா சுற்றிலும் பார்த்தார். பிறகு குனிந்தார். காவியா என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள். “வேண்டாம்பா!” என்று கத்தினாள், கூட்டத்தில் அது கேட்கவில்லை. அவருடைய விரல்கள் இடது கால் வாரைத் தொட்டன. இந்த மனுஷன் கழற்றத்தான் போகிறார், கணுக்கால் போகப் போகிறது என்று நான் முடிவே செய்துவிட்டேன்.

அந்த நேரத்தில் ஜீப்பிலிருந்து ஆறுமுகச்சாமி பொறுமையிழந்து பேச்சிராஜைப் பார்த்துப் பேசினார். கையில் இருந்த மைக் அணைக்கப்படவில்லை. தெரு முழுக்கக் கட்டியிருந்த குழாய்கள் எல்லாவற்றிலும் அது கேட்டது.

“ஏ, அந்தாளச் செருப்பக் கழட்டச் சொல்லுப்பா!”

மகாராஜாவின் கை வாரிலேயே நின்றது. அந்த நிமிஷம் அவருக்கு என்ன தோன்றியது என்று எனக்குத் தெரியாது. எனக்கு என்ன தோன்றியது என்று சொல்கிறேன். எங்கள் கடையில் கையில் செருப்போடு நின்ற இசக்கிப்பாண்டி தோன்றினார்.

மெதுவாக நிமிர்ந்து, ஜீப்பைப் பார்த்துத் திரும்பினார்.

“கழட்ட முடியாது.”

“என்ன அண்ணாச்சி?” என்றார் பேச்சிராஜ்.

“கழட்ட முடியாதுன்னேன்.” இப்போது குரல் உயர்ந்தது. “எங்க அப்பாவயும் இப்படித்தான் நடுத்தெருவுல வச்சுக் கழட்டச் சொன்னாவ. அவரு கழட்டல. பிடுங்கித்தான் எடுத்தானுவ. தைரியம் இருந்தா நீங்களும் வந்து பிடுங்குங்க.”

ஆறுமுகச்சாமி மைக்கைக் கீழே இறக்கினார். அவரும் அப்படிப்பட்ட ஒரு ஊரிலிருந்து வந்தவர்தானே, அவருக்குத் தெரியாத கதையா? முகம் கறுத்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகாராஜா நடக்க ஆரம்பித்தார். ரத வீதியின் நடுவில், நொண்டி நொண்டி, டப்பு டப்பென்று. ஒதுங்கவில்லை. ஜீப் அவர் பின்னால் அவர் வேகத்திலேயே ஊர்ந்தது. டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தான், அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கோயில் வாசல் வந்ததும் ஓரமாக உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சாய்ந்துவிட்டார். ஒரு ஆட்டோவைப் பிடித்து அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நேரே திருநெல்வேலிக்கு விட்டோம்.

பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். பாதம் தப்பியது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் தப்பியிருக்காது என்றார் டாக்டர். ஓட்டுப் போட வயசு வந்ததிலிருந்து முதல்முறையாக அந்தத் தேர்தலில் மகாராஜா ஓட்டுப் போடவில்லை. கட்சியிலிருந்து ஒருவரும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை.

ஓட்டு எண்ணிய நாளில் அவர் என் கடையில் நாற்காலியில் இருந்தார். படியில் உட்கார நான் விடவில்லை. டீக்கடை டிவியைச் சுற்றிக் கூட்டம். சுற்றுக்குச் சுற்று மாறி மாறி வந்து, கடைசியில் அவர் சின்னம் ஜெயித்துவிட்டது. முப்பது வருஷம் கழித்து ஜெயித்துவிட்டது! வெடிச் சத்தத்தில் என் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. போகிறவன் வருகிறவன் எல்லாம் எட்டிப் பார்த்து, “முப்பது வருசம் பொறுத்தீரு, இன்னும் ரெண்டு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா வே?” என்று கேட்டுவிட்டுப் போனான். அவர் சிரித்துக்கொண்டார். கொஞ்சம் அழவும் செய்தார்.

சாயங்காலம் வெற்றி ஊர்வலம் எங்கள் கடை முன்னால் நின்றது. பேச்சிராஜ் கையில் ஒரு செருப்புப் பெட்டியோடு படியேறி வந்தார். பின்னால் கேமராப் பையன்கள். அன்றைக்கு ஒன்றுமே நடக்காதது மாதிரி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

“அண்ணாச்சி, சபதம் நிறைவேறிட்டுல்லா! வாங்க. அந்த மருந்துச் செருப்பக் கழட்டிட்டு வாங்க, அண்ணன் ஜீப்புல இருந்து இறங்கி வந்து தன் கையால இத மாட்டிவிடுவாரு.”

மகாராஜா உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டு கால்களையும் நீட்டிக் காட்டினார்.

“எம்பொண்ணு மாட்டிவிட்டுட்டாப்பா. இனிமே யாரும் மாட்டிவிட வேண்டாம். அண்ணன் ஜெயிச்சதுல சந்தோசம்னு சொல்லு.”

பேச்சிராஜ் நின்று பார்த்தார். ஜீப்பில் ஹாரன் அடித்தார்கள். பெட்டியை என் மேஜை மேல் வைத்துவிட்டு, “அப்புறமாச்சும் போட்டுக்கிடச் சொல்லுங்க பாய்” என்று இறங்கிப் போய்விட்டார்.

ஊர்வலம் நகர்ந்த பிறகு பெட்டியைத் திறந்தேன். நல்ல செருப்புத்தான், விலை அதிகம். திருப்பி அடியைப் பார்த்தேன். ஆறாம் நம்பர். முப்பது வருஷமாக அந்தக் காலைக் காட்டி ஓட்டுக் கேட்டவர்கள் ஒரு தடவைகூட அதன் அளவைக் கேட்டதில்லை.

மகாராஜாவிடம் நான் சொல்லவில்லை. பெட்டியை மூடிவிட்டு, அவருக்கு ஒரு டீ சொன்னேன், சர்க்கரை இல்லாமல்.